கழன்று தொங்கும் ஒற்றைச் செருப்பு

கத்தோலிக்கக் கோயில்களில் புதன்கிழமை நவநாள் செபத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் படத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தங்க நிறப் பின்னணி. கருநீல முக்காடு போட்ட மாதா. இடது கையில் குழந்தை இயேசு. மேலே இரு மூலைகளிலும் இரண்டு குட்டி வானதூதர்கள். சதா சகாய மாதா என்பார்கள். இடைவிடா சகாய அன்னை என்றும் சொல்வார்கள். பார்த்துப் பார்த்துப் பழகியதாலேயே பார்ப்பதை விட்டுவிட்ட படம் இது. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிப் பாருங்கள்: அந்தக் குழந்தை எங்கே பார்க்கிறது?

"அம்மாவை" என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அம்மாவை இல்லை. நம்மையும் இல்லை. கழுத்தைத் திருப்பி, தன் தோளுக்குப் பின்னால், ஒரு வானதூதர் சிலுவையைத் தூக்கிவரும் பக்கம் பார்க்கிறது. இன்னொரு கேள்வி: குழந்தையின் காலில் எத்தனை செருப்பு? இரண்டு. ஆனால் ஒன்று கழன்று, வாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் படம் திறந்துகொள்ளும். மாதாவின் முகத்தையே பார்த்து "எவ்வளவு சோகம்" என்று உருகிவிட்டுப் போகிறவர்களுக்குத் திறக்காது. இந்த ஓவியத்தின் உணர்ச்சி முகத்தில் இல்லை. கையிலும் காலிலும் கழுத்துத் திருப்பத்திலும் இருக்கிறது. முகங்கள் வேண்டுமென்றே அடக்கி வாசிக்கப்பட்டிருக்கின்றன.

மூல ஓவியம் ரோம் நகரில், மெருலானா சாலையில் உள்ள புனித அல்போன்சு லிகோரி கோயிலின் பீடத்துக்கு மேலே இருக்கிறது. பெரிய படம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். உயரம் சுமார் 54 சென்டிமீட்டர், அகலம் 41 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நம் வீட்டுக் காலண்டர் அளவுதான். மரப்பலகையில் தீட்டியது. கிரேக்கத் தீவான கிரேத்திலிருந்து ஒரு வணிகர் திருடிக்கொண்டு வந்தார், ரோமில் சாகும் தறுவாயில் நண்பரிடம் ஒப்படைத்தார், நண்பரின் மனைவிக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை என்றெல்லாம் ஒரு மரபுக் கதை உண்டு. 1499 மார்ச் 27 அன்று ரோமின் புனித மத்தேயு கோயிலில் வைக்கப்பட்டது என்பதும் அந்த மரபில் வருவதே. 1798இல் ரோம் பிரெஞ்சுப் படையின் கைக்குப் போன பிறகு அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. ஓவியம் வேறொரு சிற்றாலயத்தில் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை ரெடம்ப்டரிஸ்ட் சபைக் குருக்களிடம் ஒப்படைக்க, 1866 ஏப்ரல் 26 அன்று இன்றைய இடத்தில் பொது வணக்கத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

படத்தை வாசிக்க எழுத்துகளில் தொடங்குவது நல்லது. ஏனென்றால் அவற்றில் ஊகத்துக்கு இடமில்லை. மாதாவின் தலைக்கு இருபுறமும் இரண்டிரண்டு கிரேக்க எழுத்துகள், அவற்றின் மேல் ஒரு கோடு. கோடு இருந்தால் சுருக்கெழுத்து என்று பொருள். சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எழுதியிருப்பார்கள். இடப்பக்கம் ஆங்கில 'எம்', 'பி' போலத் தெரிவதில் அந்தப் 'பி' உண்மையில் கிரேக்க 'ரோ'. அதாவது நம் 'ர்'. ஆக அது 'மீட்டர்', தாய். வலப்பக்கம் உள்ளது 'தெயூ', கடவுளின். இரண்டும் சேர்ந்தால் 'கடவுளின் தாய்'. குழந்தையின் அருகே இருப்பது 'இயேசு கிறிஸ்து' என்பதன் சுருக்கம். அதில் ஆங்கில 'சி' போல வளைந்திருப்பது கிரேக்க 'ஸ்'. வானதூதர்களுக்கு மேலேயும் பெயர்ச் சுருக்கம் உண்டு. நமக்கு இடப்பக்கம் இருப்பவர் அதிதூதர் மிக்கேல், வலப்பக்கம் இருப்பவர் அதிதூதர் கபிரியேல்.

இந்த மாதிரிப் பலகையில் தீட்டி வணங்கும் திருவுருவப் படத்தை ஐகான் என்பார்கள். கிரேக்கம் முதலிய கிழக்குத் திருச்சபைகளின் மரபில் பெயர் எழுதாத ஐகான் முடிவடையாத ஐகான். யாருடைய உருவம் என்று எழுத்து சொன்ன பிறகுதான் அது வணக்கத்துக்கு உரியதாகிறது. நம் ஊரில் அச்சடிப்பவர்கள் பலர் இந்த எழுத்துகளை அலங்காரக் கோலம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். இணையத்தில் எடுத்த படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருந்தாலும் எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். எழுத்தே இல்லாத நகலில் குழந்தை எந்தப் பக்கம் என்று பாருங்கள். நமக்கு வலப்பக்கம் இருந்தால் சரி. இடப்பக்கம் இருந்தால் யாரோ கணினியில் புரட்டிப்போட்ட படம்.

இப்போது வானதூதர்கள். மிக்கேலின் கையில் ஒரு கலம். அதோடு ஈட்டி, நாணல் தண்டு, தண்டின் நுனியில் கடற்பஞ்சு. கலத்தில் இருப்பது புளித்த திராட்சை இரசம். பழைய மொழிபெயர்ப்பில் 'காடி' என்று படித்திருப்பீர்கள். சிலுவையில் தொங்கியவருக்குப் பஞ்சில் தோய்த்து நீட்டியது அது. ஈட்டி விலாவைக் குத்தியது. கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் கொண்டுவருகிறார். ஆணிகளை எண்ணிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. கிழக்கு மரபில் நான்கு ஆணி, கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. மேற்கில் பிற்காலத்தில் இரண்டு பாதங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே ஆணி அடித்ததாகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள், அதனால் மூன்று. உங்கள் வீட்டு நகலை வரைந்தவருக்கு எந்த மரபு பழக்கம் என்பது இதில் ஓரளவு தெரிந்துவிடும்.

தூதர்களின் கைகளைக் கவனியுங்கள். வெறுங்கையால் அந்தக் கருவிகளைத் தொடவில்லை, துணியால் மூடிப் பிடித்திருக்கிறார்கள். நற்கருணை ஆசீரின்போது குரு தன் தோளில் போர்த்திய துணியால் கைகளை மூடிக்கொண்டு, நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். புனிதமான பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது. ஆக இந்தத் தூதர்கள் குழந்தையை மிரட்ட வரவில்லை. கொலைக் கருவிகளை முன்கூட்டியே திருப்பண்டங்களாக ஏந்தி, குனிந்து வருகிறார்கள். படம் முழுக்க ஒரு சொட்டு இரத்தம் கிடையாது.

அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது? இதே வகை ஓவியங்கள் சிலவற்றில் எழுதியிருக்கும் ஒரு கிரேக்கச் செய்யுள் விடை தருகிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேத்தின் தலைநகரான கண்டியாவில் அந்திரேயாஸ் ரித்சோஸ் என்ற ஓவியர் இந்த வகையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கிழக்கில் இதற்குப் 'பாடுகளின் அன்னை' என்று பெயர். பாடுகள் என்றால் இயேசு சிலுவையில் பட்ட துன்பங்கள். செய்யுளின் சாரம் இது: முன்பு தூய கன்னியை 'வாழ்க' என்று வாழ்த்தியவரே இப்போது பாடுகளின் அடையாளங்களைக் காட்டுகிறார், சாகக்கூடிய உடலை அணிந்த கிறிஸ்து அவற்றைக் கண்டு சாவை அஞ்சி நடுங்குகிறார்.

இதைத் தெரிந்துகொண்டபின் கபிரியேலை முன்பு போலப் பார்க்க முடியாது. நாசரேத்தில் "அருள் மிகப் பெற்றவரே வாழ்க" என்று சொன்ன அதே தூதர். நற்செய்தி கொண்டுவந்த வாய், இப்போது வாய் திறக்காமல் சிலுவையோடு வந்து நிற்கிறது. சிலுவையை மிக்கேலிடம் கொடுக்காமல் கபிரியேலிடம் கொடுத்தது தற்செயல் இல்லை. ஓவியரின் மிகக் கூர்மையான முடிவு அதுதான் என்பேன். சில நகல்களில் இரண்டு தூதர்களின் கருவிகளும் இடம் மாறியிருக்கும். பார்வைக்கு ஒன்றும் கெடாது, பொருள் மட்டும் செத்துவிடும்.

செய்யுளின் இரண்டாவது பாதியும் முக்கியம். குழந்தை பயப்படுகிறது என்று துணிந்து சொல்கிறது. கடவுளின் மகன் பயப்படலாமா என்று கேட்பவர்களுக்கு, சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவில் இயேசு செபித்த கெத்சமனி தோட்டம் நினைவிருக்கும். அங்கே அவர் திகிலும் கலக்கமும் அடைந்ததாக மாற்கு எழுதியிருக்கிறார். பயம் அவர் மெய்யாகவே மனிதர் என்பதற்குச் சான்று. சாக முடியாத உடலுக்குச் சாவைக் கண்டு நடுங்கத் தெரியாது. இந்த ஓவியம் கெத்சமனியை முப்பது ஆண்டு முன்னால் இழுத்து, தாயின் மடியில் வைக்கிறது.

பயத்தை ஓவியர் எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். குழந்தையின் முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் பயமே தெரியாது. கொஞ்சம் யோசனையோடு இருக்கும் முகம், அவ்வளவுதான். உடலைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தலை ஒரு பக்கம், மார்பு இன்னொரு பக்கம். கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருக்கின்றன. இரண்டு கைகளும் தாயின் வலது கையைப் பற்றியிருக்கின்றன. சிலுவையைப் பார்க்கிறது, கைகள் தாயிடம் போகின்றன. இடி இடிக்கும்போது சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் முந்தானையைப் பிடிக்கும் பிள்ளையின் அசைவு இது. தொல்காப்பியர் உணர்ச்சிகளுக்கு 'மெய்ப்பாடு' என்று பெயர் வைத்தார், மெய்யில் படுவது. இந்த ஓவியத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் சொன்னவை நான்கு: அணங்கு (தெய்வம் போன்ற அச்சுறுத்தும் சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). குனிந்து வரும் தூதர்களை அணங்கு என்று எடுத்துக்கொண்டால், கண்டியாவின் ஓவியர் அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்.

செருப்புக்கு வருவோம். இதற்கு விளக்கங்கள் ஏராளம். பயத்தில் ஓடிவந்ததால் கழன்றது என்பது பக்தி நூல்களில் வருவது. விவிலியத்தின் ரூத்து நூலில், நான்காம் அதிகாரத்தில் ஒருவர் தன் மீட்பு உரிமையை விட்டுக்கொடுக்கும்போது செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் வருகிறது. அதனால் செருப்பு மீட்பின் அடையாளம் என்பது கற்றவர்கள் சொல்வது. காலோடு ஒட்டிய செருப்பும் கழன்ற செருப்பும் கிறிஸ்துவின் மனித இயல்பையும் இறை இயல்பையும் குறிக்கின்றன என்போரும் உண்டு. பாம்பு அவன் குதிகாலைக் காயப்படுத்தும் என்ற தொடக்க நூல் வரியோடு, வெளியே தெரியும் பாதத்தை இணைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாமே இருக்கட்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் அது திடுக்கிட்டு உதறிய கால். உடலின் முறுக்கலோடு சேர்த்துப் பார்த்தால் இதில் சந்தேகமே வராது. அதன் மேல்தான் ரூத்து நூலை ஏற்றலாம். உணர்ச்சியைத் தாண்டிக் குதித்து நேராகக் குறியீட்டுக்குப் போகிறவர்கள், செருப்பை அகராதியில் தேடும் சொல்லாக ஆக்கிவிடுகிறார்கள். நல்ல குறியீடு முதலில் ஒரு நிகழ்ச்சியாக இருக்கும்.

மாதாவின் வலது கைதான் இந்தப் படத்தின் நடுவம். அளவில் பெரியதாக, நீண்ட விரல்களோடு, கிட்டத்தட்ட மார்புக்கு நேரே இருக்கிறது. 'வழிகாட்டும் அன்னை' என்று ஒரு பழைய ஐகான் வகை உண்டு. அதில் மாதா தன் வலது கையால் குழந்தையைச் சுட்டிக்காட்டுவார். இந்தக் கை அங்கிருந்து வந்தது. ஆனால் இங்கே சுட்டும் கையையே பற்றும் கையாகக் குழந்தை மாற்றிவிட்டது. அந்தக் கை எப்படி இருக்கிறது? திறந்திருக்கிறது. குழந்தையின் கைகள் அதன்மேல் இருக்கின்றன, தாயின் விரல்கள் அவற்றை மூடிப் பிடிக்கவில்லை. இடது கை தாங்குகிறது. வலது கை தடுக்கவில்லை.

இந்தத் திறந்த கையைக் கெடுத்துவிட்டால் படமே போயிற்று. கையால் நகல் வரைபவர்கள் பலர், தாய் என்றால் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டாமா என்று நினைத்து விரல்களை மடக்கிவிடுகிறார்கள். அன்பு கூடிய மாதிரி தெரியும். ஆனால் அது காப்பாற்றும் தாயின் படமாகிவிடுகிறது. மூலத்தில் இருப்பவர் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும் கையைக் கொடுக்கும் தாய்.

அதே தாய் குழந்தையைப் பார்க்கவும் இல்லை. தலை குழந்தையின் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண் நம்மைப் பார்க்கிறது. அறையில் நீங்கள் எங்கே நின்றாலும் கண் பின்தொடர்கிறது என்பார்கள். நேர்நோக்கும் எந்த உருவப்படத்திலும் அது நடக்கும். அதில் அற்புதம் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது, அடைக்கலம் கேட்டு ஒட்டிக்கொண்ட பிள்ளையிடமிருந்து தாயின் கண்ணை ஓவியர் பிரித்து எடுத்து நம்மிடம் திருப்பியிருப்பது. குழந்தை சிலுவையைப் பார்க்கிறது, தாய் உன்னைப் பார்க்கிறார். யாருக்காக என்று அவர் சொல்லத் தேவையில்லை. நகலில் கருவிழி ஒரு மில்லிமீட்டர் குழந்தையின் பக்கம் நகர்ந்தாலும் இந்த முக்கோணம் உடைந்துவிடும். தாயும் பிள்ளையும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழக்கமான குடும்பப் படம் கிடைக்கும். பார்ப்பவருக்கு அதில் வேலை இல்லை.

முகத்தில் சோகம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் எவ்வளவு ஓவியர் வைத்தது, எவ்வளவு நாம் ஏற்றியது என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஐகான் எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டிச் சுண்ணம் பூசுவது போலத்தான் இதற்கும். நன்றாக உலர்ந்த பலகை, அதன்மேல் பெரும்பாலும் மெல்லிய லினன் துணி, அதன்மேல் சீமைச் சுண்ணாம்புத் தூளும் விலங்குத் தோல் பசையும் கலந்த பூச்சு. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் காயும்போது வெடித்துவிடும். அதனால் எட்டு, பத்து தடவை மெல்லியதாகப் பூசித் தேய்ப்பார்கள். தந்தம் போல வழவழப்பான பிறகு கோட்டுருவம். தங்கம் வரும் இடத்தின் எல்லையை ஊசியால் கீறிக்கொள்வார்கள்; ரேக்கு ஒட்டிய பிறகு பென்சில் கோடு மறைந்துவிடும், கீறல் மறையாது. செம்மண் களியைப் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். தங்கத்துக்கு அடியில் சிவப்பு இருப்பதால்தான் அது வெளிறாமல் சூடாகத் தெரிகிறது. பழைய ஐகான்களில் தேய்ந்த இடத்தில் எட்டிப்பார்க்கும் சிவப்பு இரத்தம் அல்ல, அந்தக் களிமண்.

அதன்பின் வண்ணம். முட்டையின் மஞ்சள் கருவை அதன் சவ்விலிருந்து பிரித்து, கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர், சில துளி வினிகர் சேர்த்து நிறமித் தூளோடு குழைப்பார்கள். கரு அதிகமானால் பிசுபிசுத்துப் பின்னர் வெடிக்கும். குறைந்தால் காய்ந்தபின் விரலில் தூளாக வரும்.

முகம் தீட்டும் முறைதான் நமக்கு முக்கியம். வெள்ளைத் தாளில் நிழலைச் சேர்ப்பது நம் பள்ளிக்கூட வழக்கம். ஐகானில் தலைகீழ். முதலில் முகம் முழுவதும் பச்சை கலந்த பழுப்பு நிறம். அதன்மேல் நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு என்று மேடான இடங்களில் மட்டும் மஞ்சள் காவியை ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் கண்ணுக்குக் கீழேயும் மற்ற மேடுகளிலும் முடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். கிரேத்து ஓவியர்கள் இந்த அடுக்குகளை மழுப்பாமல் கூர்மையாக விடுவார்கள். இருட்டிலிருந்து ஒளிக்கு வருவதே முறை. ஒளி வெளியிலிருந்து விழவில்லை, உள்ளிருந்து வருகிறது என்பதே அதன் கருத்து.

இதன் விளைவாக, கண்ணைச் சுற்றியும் மூக்கோரத்திலும் தாடைக்குக் கீழும் அந்த அடிநிறம் அப்படியே தெரியும். நம் கண்ணுக்கு அது அழுது வீங்கிய கண், தூங்காத கருவளையம். ஓவியருக்கு அது வண்ணம் ஏற்றாத இடம். அதோடு, பழைய ஐகான்களுக்கு ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய பூச்சு பூசுவது வழக்கம். சில பத்தாண்டுகளில் அது பழுப்பேறும். மெழுகுதிரிப் புகை வேறு படியும். முகம் கறுத்து, மேலே இருந்த வெள்ளைக் கோடுகள் மங்கி, அடிநிறம் மட்டும் மிஞ்சும். நூற்றாண்டுகளின் அழுக்கை நாம் தாயின் துயரம் என்று படித்துவிடுகிறோம்.

முகத்தின் அளவுகளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பைசாந்திய மரபில், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் ஓவிய மரபில், மூக்கின் நீளம்தான் அளவுகோல். இரு புருவங்களுக்கு நடுவே மையம் வைத்து ஒரு மூக்கு நீளத்தில் வட்டம் போட்டால் முகத்தின் உள்பகுதி, இரண்டு மூக்கு நீளத்தில் தலை, மூன்றில் ஒளிவட்டம். நேரான முகத்துக்கு அச்சாகப் பொருந்தும். சாய்ந்த முகத்தில் கொஞ்சம் விலகும். கண் பெரிது, வாய் சிறிது, மூக்கு நீளம். இவை ஒருவருடைய மனநிலையைக் காட்டும் அடையாளங்கள் இல்லை, எல்லா ஐகானுக்கும் பொதுவான இலக்கணம். ஆகவே "பெரிய கண்களில் தேங்கிய வேதனை" என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். புனித நிக்கொலாசுக்கும் அதே மரபுக் கண்தான்.

இந்தப் பொதுக்கணக்கை எல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது சோகம்: தலையின் சாய்வு, உள்ளே கொஞ்சம் ஏறிய புருவம், சிரிக்காத வாய். அவ்வளவுதான். வியாகுல மாதாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சில் ஏழு வாள், கன்னத்தில் கண்ணீர், வானம் பார்த்த கண். அங்கே துயரம் அறிவிக்கப்படுகிறது. இங்கே அது நடப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருக்கிறார், அதனால் அழவில்லை.

நிறங்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நான் அதிகம் நம்புவதில்லை. சிவப்பு உள்ளாடை கன்னிமை, நீல மேலாடை தாய்மை என்று ஒருவர், சிவப்பு இறைமை, நீலம் மனிதம் என்று இன்னொருவர். கிழக்கு மரபில் மாதாவுக்கு நீல உள்ளாடை, அரக்கு நிற மேலாடை என்பதே வழக்கம். இந்தப் படத்தில் அது மாறி, மேற்கத்தியச் சுவைக்கு நெருங்கிய நீல மேலாடை வந்திருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்து இறையியல் கட்டினால் மாற்றிப் போட்டதும் இறையியலும் மாற வேண்டிவரும். நெற்றியின் மேல் முக்காட்டில் இருக்கும் விண்மீனை நம்பலாம். கிழக்கு ஐகான்களில் நெற்றியில் ஒன்று, இரு தோள்களில் இரண்டு என மூன்று விண்மீன் வைத்து, பேறுக்கு முன்னும் பேற்றின்போதும் பின்னும் கன்னி என்று காட்டுவார்கள். இங்கே தோள்களில் அவை இல்லை.

இன்று ரோமில் இருப்பதும் 15ஆம் நூற்றாண்டுக் கை மட்டும் அல்ல. 1866இல் லியோபோல்ட் நொவோட்னி என்ற போலந்து ஓவியர் அதைச் செப்பனிட்டார். நிறத்தின் மென்மை, முகத்தின் பூச்சு என்று சிறு நுணுக்கங்களில் பெரிய முடிவு கட்டும்போது இது நினைவில் இருக்க வேண்டும். தலைகளின் மேல் பல நகல்களில் தெரியும் கிரீடங்களும் ஓவியருடையவை அல்ல. 1867 ஜூன் 23 அன்று நடந்த முடிசூட்டு விழாவில் வந்தவை. கிரீடத்தோடு பார்த்தால் கனமான பொன்னைச் சுமந்து நிமிர்ந்திருக்கும் இளவரசனாகத் தெரிவான் குழந்தை. கிரீடத்தை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், திரும்பிய தலையின் பதற்றம் உடனே கூடும்.

இந்த வகை தனியாக வானத்திலிருந்து விழவில்லை. சைப்பிரசின் லகூதேரா கோயிலில் 1192இல் தீட்டிய சுவரோவியத்திலேயே மாதாவுக்கு இருபுறமும் பாடுகளின் கருவிகளோடு தூதர்கள் வந்துவிட்டார்கள். கிரேத்து வெனிசின் ஆட்சியில் இருந்த காலத்தில் கண்டியா ஒரு பெரிய ஐகான் பட்டறை. 1499 ஜூலையில் இரண்டு வணிகர்கள் அங்கே மூன்று ஓவியர்களிடம் 700 மாதா படங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்: 500 இலத்தீன் பாணி, 200 கிரேக்கப் பாணி, ஏறக்குறைய ஒன்றரை மாதக் கெடு. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல்! நம் காலண்டர் அச்சகத்தைக் குறை சொல்வதற்கு முன் இதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். நகல் என்பது இந்தப் படத்துக்கு இழிவு இல்லை, பிறப்பிலேயே வந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அந்தப் பட்டறைகளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. மூலத்தின் உயர அகல விகிதம் ஏறத்தாழ 1.3. ஏ4 தாளின் விகிதம் 1.41. படத்தை ஏ4 தாளில் இழுத்துப் பொருத்தினால் முகம் சுமார் 9 விழுக்காடு நீளும். ஏற்கெனவே நீண்ட மூக்கு இன்னும் நீண்டு, மாதா நோயாளி போலத் தெரிவார். இழுக்காமல் ஓரம் வெட்டினால் போவது தூதர்களின் இறக்கையும் கருவியும். கீழே வெட்டினால் செருப்பு போய்விடும். இடுப்போடு நிற்கும் 'அழகான' நகல்கள் எல்லாம் இப்படிச் செருப்பை இழந்தவை. உதட்டு ஓரத்தை மேலே ஏற்றிப் புன்னகைக்க வைத்தவை, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றி முகத்தை மெழுகு பொம்மையாக்கியவை, தங்கத்தை வெறும் மஞ்சளாக அச்சடித்தவை என்று கடைகளில் எல்லாம் கிடைக்கும். குழந்தையின் ஆடை மடிப்புகளில் தங்கக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அச்சு பரவாயில்லை.

தங்கப் பின்னணி வானம் இல்லை, சுவரும் இல்லை. நேரமும் இடமும் இல்லாத இடம் அது. அதனால்தான் குழந்தை இயேசுவும் அவருடைய பாடுகளும் ஒரே சட்டத்துக்குள் வர முடிகிறது. அது அசையும் சுடருக்காகச் செய்யப்பட்டது. மெழுகுதிரி அசையும்போது தங்கம் மினுங்கி, உருவங்கள் அதற்கு முன்னால் இருண்டு நிற்கும். நேர் எதிரே டியூப்லைட் போட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் நம் முகம்தான் தெரியும். விளக்கைக் கீழே, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். சீரியல் பல்பு வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. குறைந்தது சட்டத்துக்கு வெளியே சுற்றலாம்.

மாலை போடும்போதும் ஒரு சங்கதி. ஆணியில் மாட்டி இருபுறமும் வழியவிடும் மாலையில் முதலில் மறைகிறவர்கள் அந்த இரண்டு தூதர்கள்தான். அவர்கள் மறைந்துவிட்டால் குழந்தை எதைப் பார்த்து மிரண்டது என்று யாருக்கும் தெரியாது. மாலையைக் கொஞ்சம் நீளமாகக் கட்டி, சட்டத்துக்கு வெளிப்புறமாக விழும்படி போட்டால் மிக்கேலும் கபிரியேலும் மறையாமல் இருப்பார்கள்.